கின்னஸ் ஆன்ட்டியும் எங்க அம்மாவும்

நாள் பூராவும் அரை மில்லிமீட்டர் கூட, அரை மில்லிமீட்டர் குறைய என்று கத்திவிட்டு வீட்டுக்கு வருகிற மனுஷனுக்கு, வீட்டிலேயும் அளவுச் சண்டை காத்திருந்தால் அவன் எங்கேதான் போவான், சொல்லுங்கள்!

அடியேனுக்கு உத்தியோகம் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில். கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி டிபார்ட்மென்ட். காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, இரண்டு பக்கமும் 'கிரவுண்டு இன்ன விலை' என்று மனைப்பிரிவு போர்டுகள், நடுவில் தூக்கத்தில் தலையாட்டிக்கொண்டே நாங்கள். எட்டு மணியிலிருந்து நான் வெர்னியரும் கையுமாக அலைவேன். ஒரு துளை 0.2 எம்.எம். நகர்ந்திருந்தால் போதும், மொத்த லாட்டையும் ஓரங்கட்டி சிவப்பு டேக் மாட்டிவிடுகிற புண்ணியவான் நான்தான். புரொடக்ஷன்காரர்கள் என்னைக் கண்டால் கேன்டீனில் வேறு மேஜைக்குப் போய்விடுவார்கள். அந்த மாதிரி ஆசாமி.

அப்பா போனபிறகு அம்மாவைப் பாளையங்கோட்டையிலிருந்து கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொண்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "நாலு சுவரு, ஒரு கதவு. கதவைத் திறந்தா எதிர்ல இன்னொரு கதவு. அதுவும் பூட்டிக் கிடக்கு. யார்ட்டய்யா பேசுறது?" என்பாள். நான் அதிகாலையில் போய் இரவில் வருகிறவன். என்னிடம் பதில் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரங்குப் பெட்டியைக் குடைந்தபோது ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே நாலைந்து குரோஷா ஊசிகள். அம்மா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ரொம்ப நாள் கழித்துப் பள்ளிக்கூடத் தோழியைப் பார்க்கிற மாதிரி. அன்றைக்குத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது: சின்ன வயசில் எங்கள் வீட்டு டி.வி. மேலேயும் ரேடியோ மேலேயும் கிடந்த வெள்ளை லேஸ் விரிப்புகளெல்லாம் அம்மா பின்னியவை! கடையில் வாங்கினது என்றே இருபத்தெட்டு வருஷம் நினைத்திருந்தேன். கிரிக்கெட் மேட்ச் பார்க்கும்போது ஸ்கிரீனை மறைக்கிறது என்று அதைச் சுருட்டித் தூக்கிப் போட்டிருக்கிறேன். (நீங்களும் செய்திருப்பீர்கள். யோசித்துப் பாருங்கள்.)

கான்வென்ட் கன்னியாஸ்திரீகள் சொல்லிக் கொடுத்த பின்னல் அது. தெற்கத்திப் பக்கம் இந்த ஊசி வேலைக்குப் பழைய சரித்திரமே உண்டு. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அப்படிப் பின்னி விற்ற காசில் சில பெண்கள் தங்களை அடிமைத்தனத்திலிருந்தே மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. நூலுக்கு அப்பேர்ப்பட்ட சக்தி. நான் அதை வைத்து டி.வி. தூசு தட்டியிருக்கிறேன்.

அப்புறம் எங்கள் அபார்ட்மென்ட்டில் பின்னல் தெரிந்த பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருப்பது தெரிந்து, அம்மாவை அதில் சேர்த்துவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, ஒரே வாரத்தில் ஆளே மாறிப்போனாள். காலையில் எனக்குக் காபி வருமுன் குரூப்புக்கு 'குட்மார்னிங்' ரோஜாப்பூ போய்விடும். நான் ஆபீஸ் போனபிறகு பகலெல்லாம் ஊசி. ராத்திரி சாப்பாட்டோடு அன்றைய குரூப் செய்திகள், சூடாக.

இப்படித்தான் எனக்கும் அந்த உலகம் அறிமுகமாயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் சாதுவான பெண்கள், மடியில் நூல்கண்டு. உள்ளே போனால் பங்காளிச் சண்டை தோற்றுப்போகும்! ஒருத்தர் பின்னிய மயில் தலையணை உறையை இன்னொருத்தர் பார்த்துப் பின்னிவிட்டு 'என் சொந்த டிசைன்' என்று போட்டோ போட்டுவிட்டார். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. சி பிளாக்கில் ஒரு அக்கா ஒயர் கூடை போடுவதில் கில்லாடி. சிவன் கண், பிஸ்கட் முடிச்சு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. "பிளாஸ்டிக் ஒயரெல்லாம் நூல்ல சேத்தியா?" என்று யாரோ கேட்டுவிட, அந்த அக்கா ஒரே சமயத்தில் பதினேழு கூடைகளின் போட்டோவை அனுப்பி எல்லாருடைய போனையும் திணறடித்தார். ஆரி வேலை பிளவுஸ் போடுகிற ஒரு பெண்ணோ, "நாங்கள் இதைத் தொழிலாகச் செய்கிறோம், நீங்கள் பொழுதுபோக்குக்கு இலவசமாகக் கொடுத்து ரேட்டைக் கெடுக்கிறீர்கள்" என்று ஒரு நாள் வெடித்தார். அவர் சொன்னதில் எனக்கு நியாயம் தெரிந்தது. அம்மாவுக்குத் தெரியவில்லை.

குரூப்புக்குத் தலைவி பி பிளாக் ஆன்ட்டி. பட்டப்பெயர் 'கின்னஸ் ஆன்ட்டி'. பட்டம் சும்மா வந்ததில்லை.

2016 ஜனவரி 31-ஆம் தேதி சென்னையில் உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வை விரிக்கப்பட்டு கின்னஸில் ஏறியது, ஞாபகமிருக்கிறதா? சுபஸ்ரீ நடராஜன் என்பவர் ஆரம்பித்த 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' என்ற குழு. எங்கெங்கோ இருந்த பெண்கள் ஃபேஸ்புக்கில் ஒன்றுகூடி, அவரவர் வீட்டில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பின்னியதை ஒன்றாக இணைத்தார்கள். மொத்தம் 11,148.5 சதுர மீட்டர். நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால் சரியாக ஐம்பது கிரவுண்டு! பிள்ளைப்பாக்கத்தில் அரை கிரவுண்டு வாங்க நான் மூன்று வருஷமாக முக்கிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பெண்கள் கையாலேயே ஐம்பது கிரவுண்டு பின்னிவிட்டார்கள். அப்புறம் அதைப் பிரித்து, இல்லாதவர்களுக்குக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுத்தும் விட்டார்கள்.

அந்த ஐம்பது கிரவுண்டில் கின்னஸ் ஆன்ட்டியின் கைவேலையும் உண்டு. அவர் வீட்டு ஹாலில் நுழைந்தவுடன் தெரிகிற இடத்தில், ஃபிரேம் போட்ட போட்டோ: கலர் கலராகப் போர்வைகள், ஓரத்தில் ஆன்ட்டி. புதிதாகக் குடிவருகிறவர்களுக்குத் தண்ணீர் வருகிற நேரம் சொல்வதற்கு முன் அந்தப் போட்டோவின் கதையைச் சொல்வார். அம்மாவுக்கும் சொன்னார். நாலு தரம்.

"நாலு தரம்யா!" என்றாள் அம்மா. "ஒரு தரம் சொன்னா பெருமை. நாலு தரம் சொன்னா அதுக்குப் பேரு என்ன?"

யுத்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

போன ஐப்பசியில் குரூப்பில் ஒரு திட்டம் போட்டார்கள். ஒரு முதியோர் இல்லத்துக்கு, மடியில் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு போர்வை. பன்னிரண்டு பேர், ஆளுக்கு நாலு சதுரம், மொத்தம் நாற்பத்தெட்டு. ஆன்ட்டி குரலில் செய்தி அனுப்பினார்: "எல்லாரும் நாலு ரவுண்டு போடுங்க, எல்லாமே டபுள்." அவ்வளவுதான் டிராயிங். அளவு கிடையாது, டாலரன்ஸ் கிடையாது. எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு டிராயிங் வந்தால் நான் வாங்கிக்கொள்ளவே மாட்டேன்.

அம்மா ராத்திரி பதினொரு மணி வரை விழித்து நாலு சதுரம் முடித்தாள். ஒரு பிசிறு இல்லை. கொண்டுபோய் மற்றதோடு வைத்தால்... எல்லாருடையதும் ஆறு அங்குலம், அம்மாவுடையது நாலேகால்!

ஆன்ட்டி குரூப்பிலேயே எழுதினார், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி: "ஏ பிளாக் அம்மா, உங்க சதுரம் ரொம்பச் சின்னதா இருக்கே. நூல் மிச்சம் பிடிச்சீங்களா?" கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை.

அந்தப் பொம்மைதான் வினை. நூல் எல்லாரும் காசு போட்டு வாங்கிய பொது நூல். மிச்சம் பிடித்தாயா என்றால் திருடினாயா என்றுதானே அர்த்தம்? அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது ஹாலில் லைட் போடவில்லை. அம்மா மீதி நூலை எடைபோட்டு, காகிதத்தில் பொதிந்து, மேஜைமேல் வைத்திருந்தாள். "இந்தா. அவட்ட கொண்டு குடு. ஒரு கிராம் குறையாது. மளிகைக் கடைத் தராசுல நிறுத்துப் பாத்துட்டேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்க வேண்டும். குவாலிட்டிக்காரன் புத்தி விடுமா? பையிலிருந்து வெர்னியரை எடுத்து அம்மாவின் சதுரத்தை அளந்தேன். நாலும் 108 எம்.எம். ஒரு எம்.எம். கூட வித்தியாசம் இல்லை. எனக்குப் பொறி தட்டியது. அலட்சியமாகச் செய்தால் நாலும் நாலு விதமாகத் தப்பாக இருக்கும். நாலும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் கோளாறு கையில் இல்லை, டிராயிங்கில்!

ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து தேடினேன். கண்டுபிடித்தேன். குரோஷாவில் இங்கிலீஷ்காரன் ஒரு கணக்கு, அமெரிக்காக்காரன் ஒரு கணக்கு. அமெரிக்காவில் 'சிங்கிள்' என்கிற குட்டைப் பின்னலை பிரிட்டனில் 'டபுள்' என்கிறார்கள். அமெரிக்காவின் 'டபுள்', நெட்டையானது, பிரிட்டனில் 'ட்ரெபிள்'. பிரிட்டிஷ் கணக்கில் சிங்கிள் என்றே ஒன்று கிடையாது. அம்மா படித்தது கான்வென்ட்டில், பிரிட்டிஷ் கணக்கு. ஆன்ட்டி மெருகேற்றிக்கொண்டதெல்லாம் யூ டியூபில், அமெரிக்கக் கணக்கு. ஆன்ட்டி 'டபுள்' என்றதும் அம்மா சொன்னபடி செய்தாள், அவளுடைய டபுளை. இரண்டு பேரும் சரி. சதுரம்தான் தப்பு.

இத்தோடு நான் போய்ப் படுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. இன்டர்நெட்டில் ஒன்றைத் தேடப் போனால் ஒன்றோடு நிற்கிறோமா? பின்னல்காரர்களின் சண்டைகளைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். அமெரிக்காவில் 'ராவெல்ரி' என்று ஒரு இணையதளம், 2007-ல் ஒரு தம்பதி ஆரம்பித்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸின்போது அதில் இருபது லட்சம் பேர் இருந்தார்கள். ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் பின்ன ஆரம்பித்து நிறைவு விழாவுக்குள் முடிக்க வேண்டும், டி.வி.யில் அவர்கள் ஓட ஓட இவர்கள் பின்னவேண்டும் என்று விளையாட்டாக ஒரு போட்டி. பெயர் 'ராவலிம்பிக்ஸ்'. அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு கடிதம் வந்தது: அந்தப் பெயரை வைக்கக்கூடாது. அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார்கள். 'ஸ்கார்ஃப் ஹாக்கி' என்றெல்லாம் போட்டி நடத்துவது வியர்வை சிந்துகிற வீரர்களுக்கு அவமரியாதை என்றும் எழுதித் தொலைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். ஊசி பிடித்த கைகள் எல்லாம் கீபோர்டுக்குப் பாய்ந்தன. கமிட்டி மன்னிப்புக் கேட்டது. கேட்கும்போது, எங்கள் வீரர்களுக்குக் கைவேலைப் பொருள் ஏதாவது பின்னி அனுப்பினால் சந்தோஷம் என்று சேர்த்துக்கொண்டது. திட்டினவன் வாசலிலேயே நின்று ஸ்வெட்டர் கேட்டால் எப்படியிருக்கும்? மறுபடி கொதித்தார்கள். இரண்டாவது தடவையும் மன்னிப்பு! அமெரிக்காவின் ஒலிம்பிக் கமிட்டியே ஊசிக்காரர்களிடம் இரண்டு முறை சரணாகதி என்றால் என் கதி என்ன? போட்டிக்கு மட்டும் பெயரை 'ராவலெனிக் கேம்ஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள்.

அப்படியே நம் சென்னை சாதனையையும் தேடினேன். அங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. சென்னைப் போர்வையின் சாதனையை அதே 2016-லேயே தென்னாப்பிரிக்காக்காரர்கள் முறியடித்துவிட்டிருந்தார்கள்!

அதுவும் ஒரு நல்ல கதை. 2013 டிசம்பரில், மண்டேலாவின் உதவியாளராக இருந்த ஸெல்டா லா கிரான்ஜ், தன் சிநேகிதி கேரலின் ஸ்டெய்னிடம் ஒரு சவால் விட்டார்: அடுத்த மண்டேலா தினத்துக்குள், அதாவது ஜூலை 18-க்குள், ஏழைகளுக்கு 67 போர்வை பின்னிக் கொடு. மண்டேலா பொதுவாழ்வில் இருந்தது 67 வருஷம், அதற்காக 67. ஒருத்தியால் முடிகிற காரியமா? ஸ்டெய்ன் ஃபேஸ்புக்கில் ஆள் சேர்த்தார். அது பெரிய இயக்கமாகிவிட்டது. சிறைக் கைதிகள்கூட உட்கார்ந்து பின்னினார்கள். சென்னைக்கு முன்பே ஒரு தரம் சாதனை செய்திருந்த அவர்கள், சென்னை அதைத் தாண்டினதும் சும்மா இருப்பார்களா? 17,188 சதுர மீட்டர். எழுபத்தேழு கிரவுண்டு! நம்மவர்களும் விடவில்லை, ஸ்கார்ஃப், பொம்மைகள் என்று வேறு வேறு தினுசில் கின்னஸில் ஏறிக்கொண்டேதான் இருந்தார்கள். இரண்டு கண்டத்துப் பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு ஏழைகளுக்குப் போர்வை பின்னியிருக்கிறார்கள். இந்த மாதிரி போட்டி இன்னும் நாலு இருந்தால் நாட்டில் யாருக்கும் குளிராது.

காலையில் இட்லி சாப்பிடும்போது அம்மாவிடம் டபுள் - ட்ரெபிள் விவகாரத்தை விளக்கினேன். கூடவே, சிரித்துக்கொண்டே, இதையும் சொல்லிவைத்தேன். "கின்னஸ் ஆன்ட்டியோட ரெக்கார்டு அந்த வருஷமே போயிருச்சும்மா!"

அம்மா சிரிக்கவில்லை. "அப்படியா?" என்று மட்டும் கேட்டு இன்னொரு இட்லி வைத்தாள்.

மத்தியானம் கேன்டீனில் இருக்கும்போது போன் பார்த்தேன். குரூப்பில் அம்மா எழுதியிருந்தாள். டபுளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அக்கா, நான் நூல் மிச்சம் பிடிக்கலை. நீங்க நாலு ரவுண்டுன்னீங்க, போட்டேன். அளவு தெரியாம சொன்னது நீங்க. எதுக்கெடுத்தாலும் கின்னஸ் கின்னஸ்னு சொல்லுதீங்களே, அதை அந்த வருஷமே ஆப்பிரிக்காக்காரங்க முறிச்சிட்டாங்களாம். என் மகன் பாத்துச் சொன்னான். இப்ப அது யார்ட்ட இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க."

'என் மகன் பாத்துச் சொன்னான்!' சாம்பார் சாதம் தொண்டையில் நின்றது.

ஆன்ட்டி அரை மணி கழித்து ஒரே வரி எழுதினார். "சரிம்மா. சந்தோஷம்." அதற்குக் கீழே அந்தச் சாம்பல் நிற எழுத்து: அவர் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டார்.

தலைவி போனபிறகு இன்னும் மூன்று பேர் போனார்கள். மீதிப் பேர் பேசவில்லை. நாற்பத்துநாலு சதுரமும் ஆன்ட்டி வீட்டில், நாலு எங்கள் வீட்டில். போர்வை அப்படியே நின்றுவிட்டது. ஜெயித்த அம்மாவாவது சந்தோஷமாக இருந்தாளா என்றால், இரண்டாம் நாளே ஊசிகள் பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டன. டின் ட்ரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. ராத்திரி சாப்பாட்டுக்குச் செய்தி கிடையாது. "என்னம்மா நடந்துச்சு இன்னிக்கு?" என்றால் "என்ன நடக்கும்? நாலு சுவரு" என்பாள்.

பத்து நாள் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பி பிளாக்குக்குப் போனேன், அம்மா பொதிந்து வைத்த நூலையும் அந்த நாலு சதுரங்களையும் எடுத்துக்கொண்டு. ஆன்ட்டி கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார். அவ்வளவு மரியாதையாக நடத்தினதே எனக்கு உதறலாக இருந்தது. சுவரைப் பார்த்தேன். போட்டோவைக் காணோம். ஆணி மட்டும் இருந்தது.

"ஆன்ட்டி, அது... அந்த ஆப்பிரிக்கா விஷயம்..."

"உண்மைதானேப்பா" என்றார். "எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியுமா!"

"தெரியாம இருக்குமா? எங்க எல்லாருக்கும் தெரியும். ரெக்கார்டுன்னா யாராவது முறிக்கத்தானே செய்வாங்க. அதுக்காகவா அந்தப் போட்டோ மாட்டினேன்?"

அப்புறம் அவர் சொன்னதை நான் நடுவில் பேசாமல் கேட்டேன்.

2015 டிசம்பரில் அவர்கள் இருந்தது ஜாபர்கான்பேட்டையில், தரைத்தள வீடு. டிசம்பர் ஒண்ணாம் தேதி ராத்திரி அடையாற்றில் தண்ணீர் ஏறியது. செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்ட அந்த ராத்திரி. முழங்கால், இடுப்பு, கழுத்து. மாடி வீட்டுக்காரர்கள் இழுத்துக்கொண்டதால் உயிர் தப்பியது. கல்யாண ஆல்பம், பீரோ, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட், தையல் மெஷின் எல்லாம் போச்சு. தண்ணீர் வடிந்தபிறகு சேற்றுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பை கிடைத்தது. கின்னஸ் போர்வைக்காக அவர் பின்னி முடித்து, இறுக்கிக் கட்டிவைத்திருந்த துண்டுகள். பைக்குள்ளும் தண்ணீர் போயிருந்தது. "மூணு தரம் அலசினேன். டெட்டால் போட்டு, சோப்புப் போட்டு. மொட்டை மாடியில காயப் போட்டேன். உடுத்திக்க எனக்கு ரெண்டு புடவைதான் இருந்துச்சு, அதுவும் யாரோ குடுத்தது. இவர் திட்டினார், வீடே போச்சு, இப்போ இது முக்கியமான்னு. என் வீட்டுல மிஞ்சினது அது ஒண்ணுதாம்ப்பா. கொண்டுபோய்ச் சேர்த்தேன். ரெண்டே மாசம். ஜனவரி 31. அங்க நின்னப்போ எடுத்த போட்டோ. அதுக்கு முந்தி எடுத்த போட்டோ எதுவும் எங்க வீட்டுல கிடையாது."

எங்கள் பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் போய்ச் சேருகிற இடம் செம்பரம்பாக்கம்தான். தினம் பஸ்ஸில் கடந்து போகிற ஏரி. அதைப் பற்றி எனக்கு அன்றைக்கு வரை ஒரு அபிப்பிராயமும் இருந்ததில்லை.

காபி ஆறிவிட்டது. நான் மெதுவாக டபுள் - ட்ரெபிள் கதையை ஆரம்பித்தேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. அப்புறம் சட்டென்று எழுந்துபோய் ஊசியும் நூலும் கொண்டுவந்து, "உங்க அம்மா போட்டது எப்படி?" என்று அந்தச் சதுரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு வரிசை குட்டையாக, ஒரு வரிசை நெட்டையாகப் போட்டார். பக்கத்தில் வைத்தார்.

"அட... சிங்கிள் போட்டிருக்காங்க! இதுக்கு நெட்டையை விட ரெண்டு பங்கு வரிசை வேணுமே. கையே ஒடிஞ்சிருமே, நாலு ரவுண்டுல நின்னாங்களேன்னு..." என்றவர் நிறுத்தினார். "நான் அவங்களை நூல் மிச்சம் பிடிச்சீங்களான்னு கேட்டுட்டேன்."

"அம்மா எழுதினதும் தப்புதான் ஆன்ட்டி."

"தப்புதான்."

"அதை எடுத்துக் கொடுத்தது நான்தான் ஆன்ட்டி."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, உனக்கு ஆபீஸ்ல வேலையே குடுக்கறதில்லையா?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வெள்ளக் கதையைச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள்.

"அந்த ஜனவரியில உங்கப்பாவை ஆஸ்பத்திரில வச்சிருந்தோம்லா" என்றாள் கடைசியில். "பக்கத்துக் கட்டில்காரங்க பேப்பர்ல போட்டிருந்துச்சு, இந்தப் போர்வைப் படம். எத்தனை பொம்பளைங்க! நான் அதைக் கிழிச்சு மடிச்சு இடுப்புல வச்சிட்டேன். எனக்குந்தான் பின்னத் தெரியும்... என்னை யாரும் கூப்பிடலையேன்னு இருந்துச்சு. பைத்தியம். யாருக்குத் தெரியும் எனக்குப் பின்னத் தெரியும்னு? பெத்த பிள்ளைக்கே தெரியாது."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? டி.வி.யைப் போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. அம்மா விடிகாலையிலேயே முந்திரிக்கொத்து செய்தாள். தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, பிஸ்கட் டின்னையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பி பிளாக்குக்குப் புறப்பட்டாள். "நானும் வரவா?" என்றேன். "நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம், வீட்டுல இரு" என்றாள்.

போனவள் மத்தியானம் ஒன்றரை மணிக்குத்தான் வந்தாள். என்ன பேசினார்கள், யார் முதலில் பேசினது, அழுதார்களா, சிரித்தார்களா எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டதற்கு "முந்திரிக்கொத்துல ஏலக்காய் தூக்கலா இருக்குன்னு சொல்லுதா, அவளுக்கு என்ன தெரியும்" என்றாள். கையில் மெரூன் நூல் ஒரு கண்டு. அம்மாவின் நாலு குட்டிச் சதுரங்களையும் பிரிக்கப் போவதில்லையாம். அதைச் சுற்றி மெரூனில் கரை கட்டி ஆறு அங்குலத்துக்கு வளர்க்கப் போகிறார்களாம். போர்வையின் நாலு மூலைக்கும் அதுதானாம். ஆன்ட்டியின் ஐடியா.

அன்று சாயங்காலம் பார்க்கிங்கில் பைக் எடுக்கப் போனபோது ஆன்ட்டி வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. ஆணியில் போட்டோ இருந்தது.

குரூப் மறுபடி உயிர் பெற்றுவிட்டது. ஆன்ட்டிதான் தலைவி. எல்லாச் செய்தியிலும் இப்போது 'அமெரிக்க டபுள், பிரிட்டிஷ் ட்ரெபிள், ஆறு அங்குலம்' என்று தெளிவாகப் போடுகிறார். டாலரன்ஸ் மட்டும்தான் பாக்கி.

நேற்று ராத்திரி பதினொன்றே கால். நான் தூங்கப் போகிற நேரம். ஹாலில் அம்மாவின் போன் டிங் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் ஆவேசமாக எதையோ டைப் செய்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா இந்நேரத்துக்கு?"

"வெளிக்கரைக்கு மஞ்சள் போடணுமாம்லா! மெரூன் மூலைக்கு மஞ்சக் கரை போட்டா நல்லாவா இருக்கும்? நல்லாச் சொல்லிட்டேன், நான் இருக்கிற வரைக்கும் நடக்காதுன்னு" என்றாள் அம்மா. "நீ போய்ப் படு. அந்த அளக்குற கம்பியை மட்டும் மேஜைல வச்சிட்டுப் போ. காலையில அவ கொண்டு வரச் சொல்லிருக்கா."